ரத்தம் எடுத்தது எந்த மாதம்?

மகளின் அலர்ஜி ரிப்போர்ட்டில் புல் மகரந்தத்துக்கு நேராக 11.6 என்று அச்சாகியிருந்தது. அதற்கு முந்தைய ரிப்போர்ட்டில் அதே வரியில் 4.2. இரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் அருகருகே வைத்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கிட்டத்தட்ட மூன்று மடங்கு மோசம். என் கணவர் அப்படித்தான் சொன்னார். மாமியார், "அப்பவே சொன்னேன்மா, பனியில விளையாட விடாதேன்னு" என்றார். மறுநாளே லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மேடம், வேல்யூ ஹையா இருக்கு, ஃபுல் பேனல் ஒண்ணு எடுத்துடுங்க, இப்போ ஆஃபர்ல இருக்கு" என்றார். எனக்கு மட்டும் அந்த எண் ஒட்டவே இல்லை. காரணம், எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள்.

அவள் படாத பாடு பட்டது மார்கழியில். எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண் சிவந்து அரிப்பு. மேலண்ணம் அரிக்கிறது என்று நாக்கை வைத்துத் தேய்ப்பாள். இருட்டில் அந்த 'க்ளக் க்ளக்' சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. பிப்ரவரி கடைசியில் ரத்தம் எடுத்த அன்று மூக்கில் ஒரு சொட்டு நீர் இல்லை. உடம்பு தேறி நிற்கும் நேரத்தில் எண் உச்சத்தில் நிற்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது? இந்தக் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்றது.

நம் வீடுகளில் ரிப்போர்ட் வந்தால் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். சுகர், தைராய்டு, கொலஸ்ட்ரால் எல்லாம் அப்படித்தான். அலர்ஜியில் இந்தப் பழக்கம் செய்யும் கேடு அதிகம். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு பையனுக்கு மொத்த ஐஜிஇ 900-ஐத் தாண்டிவிட்டது என்று பால், முட்டை, கத்திரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஐஜிஇ என்பது அலர்ஜியில் வேலை செய்யும் ஓர் ஆன்டிபாடி, அதாவது உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம். மொத்த ஐஜிஇ என்பது உடம்பில் உள்ள அந்த வகை ஆன்டிபாடி முழுவதற்குமான கணக்கு. வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும், தோலில் கரப்பான் இருந்தாலும் ஏறும். எதன் மேல் அலர்ஜி என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வருவது குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ. என் மகளின் 4.2, 11.6 இரண்டும் அந்த வகை. அதுவும்கூட, அந்தப் பொருளை உடம்பு அடையாளம் வைத்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். தும்மல் எவ்வளவு வரும் என்பதற்கு நேரடி அளவுகோல் இல்லை. எண் இருந்தும் ஒரு தும்மல்கூட இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

மழையைப் பற்றி ஒரு கேள்வி

அடையாறு பக்கம் இருக்கும் அலர்ஜி மருத்துவரிடம் போனோம். இரண்டு தாள்களையும் வாங்கினார். எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளின் மேல் மூலையில் இருந்த தேதிகளுக்குப் போய்விட்டார்.

"முதல் ரிப்போர்ட் ஜூன்ல எடுத்ததாம்மா?"

"ஆமாங்க டாக்டர், ஸ்கூல் திறந்த சமயம்."

"இது பிப்ரவரி. சரி, போன வருஷம் உங்க ஏரியால மழை எப்படி?"

"நல்ல மழைங்க. பக்கத்து மனையெல்லாம் புல்லு ஆளுயரம்."

"அப்புறம் என்ன, கூடாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பி, எப்போது தும்மல் ஆரம்பித்தது, எப்போது நின்றது, எந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுவாய் என்று கேட்க ஆரம்பித்தார்.

எவ்வளவோ டாக்டர்களிடம் போயிருக்கிறேன். மழை எப்படிப் பெய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த எட்டு மாதம் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த எட்டு மாதத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழை, அதைக் குடித்து முளைத்த புல், அது பூத்த நாட்கள் எல்லாம் இருக்கின்றன. 4.2 அந்தச் சுற்றின் தொடக்கத்தில் எடுத்தது, 11.6 முடிவில் எடுத்தது.

அவர் விளக்கியதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மகரந்தம் மூக்குக்குள் போனதும் அதை முன்பே அறிந்த, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவு செல்கள் விழிக்கின்றன. அவற்றில் பல அதுவரை ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியோடு இருந்தவை. இப்போது ஐஜிஇ தயாரிப்புக்கு மாறுகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். அதனால் ரத்தத்தில் அளவு ஏறுவது பூக்கும் பருவத்தோடு கூடவே நடப்பதில்லை. சில வாரம் பின்தங்கி, பருவம் முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கி, அடுத்த பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு மிகக் கீழே இருக்கிறது. அமெரிக்காவில் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தால் அவதிப்படுபவர்களிடம் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த ஏற்ற இறக்கத்தை அளந்துவிட்டார்கள். ஐஜிஇ என்ற ஆன்டிபாடியே கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. டென்வரில் வேலை செய்த கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதி 1966-இல் அதைக் கண்டதும் ராக்வீட் அலர்ஜி உள்ளவர்களின் ரத்தத்திலிருந்துதான். பிரித்தெடுத்ததைத் தங்கள் தோலிலேயே ஊசியால் ஏற்றித் தடிப்பு வருகிறதா என்று பார்த்தார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது புரியப் புழல் ஏரி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். ஏரி ததும்புவது மழை ஓய்கிற சமயத்தில். குடையை மடித்துப் பரணில் போட்ட பிறகும் தை மாதத்தில் நீர்மட்டம் உயரத்தில்தான் இருக்கும். அப்புறம் வெயிலும் குழாயும் குடித்து ஆனியில் தரை தெரியும். ஜூன் மட்டத்தையும் பிப்ரவரி மட்டத்தையும் வைத்துக்கொண்டு ஏரி பெருத்துவிட்டது என்று யாரும் பதற மாட்டார்கள். போன பிப்ரவரியில் எவ்வளவு இருந்தது என்றுதான் கேட்பார்கள். 2019 ஜூனில் ஏரி வெடித்துக் கிடந்ததற்கு 2018-இன் பருவமழை பொய்த்ததைத்தான் காரணமாகச் சொன்னோம். ஐஜிஇ-யும் அப்படி முந்தைய பருவத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மகரந்தம் கொட்டிய வருடத்தில் உச்சம் உயரமாகப் போகும், இறங்க அதிக காலம் எடுக்கும், சிலருக்கு அடுத்த பருவம் மீதி இருப்பின் மேலேயே தொடங்கும். வறண்ட வருடத்தில் உச்சமே தாழ்வு. ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதும் உண்மை. சிலருக்கு ஏற்றம் பெரிது, சிலருக்குக் கண்ணில் படாத அளவு.

இதில் என்னை இன்னும் யோசிக்க வைத்தது தும்மலின் கணக்கு வேறு என்பது. ரத்தத்தில் மிதக்கும் ஐஜிஇ இரண்டு மூன்று நாளில் பாதியாகிவிடும். மூக்குச் சவ்விலும் தோலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களில், அதாவது அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் ரசாயனங்களை வெளிவிடும் செல்களில், ஒட்டிக்கொண்டது வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். தும்ம வைப்பது அந்த ஒட்டிக்கொண்ட ஐஜிஇ. தினமும் மகரந்தம் பட்டுக்கொண்டே இருந்தால் மூக்கு உக்கிரமாகி, முதல் நாள் நிறையத் துகளுக்கு வந்த தும்மல் பிறகு கொஞ்சம் துகளுக்கே வந்துவிடும். மார்கழியில் அவள் தவித்ததற்கு இது பொருந்துகிறது. மகரந்தம் நின்றதும் மூக்கு அடங்கியது, ரத்தம் மட்டும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. "ஸ்கூல் போற வயசுல இந்த வேல்யூ நிஜமாவே ஏறவும் செய்யும். அது எவ்வளவு, சீசன் எவ்வளவுன்னு இப்போ பிரிக்க முடியாது. அதே மாசம், அதே லேப், அதே முறையில எடுத்தாத்தான் தெரியும்" என்றார். பட்டியலில் இருந்த தூசிப் பூச்சிக்கான எண்ணையும் காட்டினார். அது ஜூனிலும் பிப்ரவரியிலும் ஏறக்குறைய ஒன்றே. நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தையிலும் தலையணையிலும் அந்தப் பூச்சி வருடம் முழுவதும் இருப்பதால் அதற்குப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. சென்னையில் 'டஸ்ட் அலர்ஜி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான், மகரந்தம் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம் என்றார்.

தங்கையின் ஊரில்

என் தங்கை ஜப்பானில், யோகோஹாமாவில் இருக்கிறாள். போன புதிதில் வசந்தகாலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து அதிசயப்பட்டாள். சில வருடம் கழித்து அவளுக்கும் வந்தது. சுகி என்ற மரத்தின் மகரந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலை மலையாக நட்டார்கள். மரங்கள் முதிர்ந்து பூக்கத் தொடங்கியதும் ஊரே தும்முகிறது. 2019-இல் அங்கே எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 38.8 சதவீதம் பேருக்குச் சுகி அலர்ஜி. 2023-இல் அரசே அந்தத் தோப்புகளின் பரப்பை பத்து வருடத்தில் 20 சதவீதம் குறைக்கத் திட்டம் அறிவித்தது.

போனில் பேசும்போது, "அக்கா, இந்த வருஷம் ஜாஸ்தியாம், டிவில சொல்லிட்டாங்க, நான் ஜனவரியிலயே ஸ்ப்ரே ஆரம்பிச்சுட்டேன்" என்பாள். முந்தைய கோடை சூடாகவும் வெயிலாகவும் இருந்தால் ஆண் பூ அதிகம் பிடிக்கும், அடுத்த பிப்ரவரி, மார்ச்சில் மகரந்தம் அதிகம் பறக்கும். அதனால் மாதக்கணக்கில் முன்னாலேயே கணிக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் வித்தியாசம் பல மடங்கு. மகரந்தம் மிகுந்த வருடங்களில் நோயாளிகளின் சுகி ஐஜிஇ ஏறுவதையும் குறைந்த வருடங்களில் இறங்குவதையும் அங்குள்ளவர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே மரம், ஒரே பருவம், தினசரி எண்ணிக்கை என்று மூன்றும் கையில் இருப்பதால் அங்கே இந்தத் தொடர்பு பளிச்சென்று தெரிகிறது. தங்கை தன் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அந்த வருட மகரந்தக் கணக்கும் பக்கத்தில் இருக்கிறது. என் மகளின் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் மாமியாரின் பனி மட்டும்தான்.

கண்ணாடித் துண்டில் ஒட்டியவை

சென்னையில் எது எப்போது பூக்கிறது? மழை முடிந்த கையோடு காலி மனைகளில் புல்லும் பார்த்தீனியமும். ரயில் பாதை ஓரத்தில் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், அது வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் சவுக்கு. காற்றையே நம்பி மகரந்தம் தூவும் மரம். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. இங்கே 'சீசன்' என்று ஒரு கோடு கிழிப்பது கஷ்டம்.

மகளின் உயிரியல் ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். கண்ணாடி ஸ்லைடில் மெல்ல வாஸ்லின் தடவி பால்கனிக் கம்பியில் இரவு முழுக்க வைப்பது, காலையில் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இதன் பரம்பரை பெரிது. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற டாக்டர், தனக்கே இருந்த தும்மலுக்குக் காரணம் தேடி, பிசுக்குத் தடவிய கண்ணாடிகளில் தினமும் துகள்களை எண்ணி, தன் அவதியோடு ஒப்பிட்டுப் பார்த்து 1873-இல் புத்தகமாக வெளியிட்டார். மேலே எவ்வளவு உயரத்தில் மகரந்தம் இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டவர் அவர்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன ஒரு சனிக்கிழமை, ஆசிரியை என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார். முதலில் வெறும் கரித்தூள், டயர்த் தூள், ஏதோ துணி நூல். ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினார். ஒரு உருண்டை வந்தது. வழவழப்பான மேல்பரப்பு, ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி மோதிரம் வைத்த மாதிரி ஒரு விளிம்பு. "இது புல்லு. புல்லு எதுவானாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி, உடம்பெல்லாம் முள் குத்திய சின்ன உருண்டைகள் நான்கைந்து ஒட்டிக்கொண்டு கிடந்தன. அது பார்த்தீனியம் குடும்பம். இன்னொரு ஸ்லைடில் முக்கோணம்போல மூன்று மூலையிலும் துளை வைத்த ஒன்று, சவுக்காக இருக்கலாம் என்றார். மகள் நோட்டில் படம் வரைந்து, பக்கத்தில் தேதியும் அன்று காலைத் தும்மலையும் குறித்திருந்தாள். பெரிய ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். காற்று எவ்வளவு வந்து போனது என்று தெரியாமல் விழுந்ததை மட்டும் எண்ணுவதில் கணக்குத் தப்பும். ஆனால் பனி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது. நோட்டை மாமியாரிடமும் காட்டினோம். "இத்துணூண்டா?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஊசி போட்ட பிறகும் ஏறும்

இதை எழுத இன்னொரு காரணம் என் அலுவலகத் தோழி. அலர்ஜிக்கு ஊசி மருத்துவம் தொடங்கினார். லண்டனில் லெனார்ட் நூன் 1911-இல் புல் மகரந்தச் சாற்றைக் கொண்டு ஆரம்பித்து வைத்த முறை. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி உடம்பைப் பழக்குவது, மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். சில மாதம் கழித்துத் தானாகவே ரத்தப் பரிசோதனை செய்து, ஐஜிஇ ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார். இந்தச் சிகிச்சையில் முதல் சில மாதங்கள் ஐஜிஇ ஏறுவது வழக்கம்தான். பிறகு மெல்ல இறங்கும். முக்கியமாக, பருவத்துக்குப் பருவம் வரும் அந்த ஏற்றம் மழுங்கிப்போகும். கூடவே ஐஜிஜி4 என்ற இன்னொரு வகை பெருகி, மகரந்தத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளும். இதை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. பணமும் போய், மாதங்களும் போய், இந்த மார்கழியில் பழையபடி மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தேதியும் சூழ்நிலையும் இல்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுப்பது தகவல் கொடுப்பது ஆகாது.

இப்போது நான் கேட்பது இது. காற்றுத் தரக் குறியீடு என்று மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களின் எண்களைத் தினமும் போனில் பார்க்கிறோம். அந்தக் குறியீட்டில் எட்டு மாசுகள் உண்டு. நுண்துகள், ஓசோன், அம்மோனியா, ஈயம் வரைக்கும் இருக்கிறது, மகரந்தம் இல்லை. அதை அளக்கும் கருவி புதிதும் இல்லை. ஜே. எம். ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1952-இல் வடிவமைத்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, மெதுவாக நகரும் ஒட்டும் பரப்பில் துகள்களைப் படியவைக்கும். எந்த மணியில் எவ்வளவு பறந்தது என்பதுகூடத் தெரியும். சண்டிகருக்கு மகரந்த நாட்காட்டியே தயாரித்திருக்கிறார்கள். சென்னையில் தாவரவியல் துறை உள்ள பழைய கல்லூரிகள் எத்தனை இருக்கின்றன! மொட்டை மாடி இருக்கிறது, மைக்ராஸ்கோப் இருக்கிறது, துகளைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிற, அதில் ஒரு வருடம் கொட்டி மறு வருடம் ஏமாற்றுகிற ஊரில், புல்லின் மகரந்தமும் அப்படித்தான் கூடிக் குறையும் என்று நினைக்கிறேன். அதை எண்ணி எழுதிவைக்க ஆரம்பித்தால், டாக்டர்கள் மழையைக் கேட்டு ஊகிக்க வேண்டியிருக்காது.

லேபுகளிடமும் ஒன்று கேட்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹை' என்று போடும் இடத்தில், பருவத்தைப் பொறுத்து இது மாறும், முந்தைய முடிவோடு ஒப்பிடும்போது மாதத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி போடட்டும். ஆஃபர் விலையில் ஃபுல் பேனல் எடுக்கச் சொல்லும் அந்தப் பெண்ணுக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மகளுக்கு அடுத்த பரிசோதனை வரும் பிப்ரவரியில், அதே லேபில். நடுவில் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் ஸ்ப்ரேயை ஆரம்பிக்க வேண்டும், ஸ்லைடுகளும் அப்போதிலிருந்து மறுபடி. ஆசிரியை இந்த முறை ஒன்பதாம் வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தாம்பரத்திலிருந்து ஒருத்தி, நீலாங்கரையிலிருந்து ஒருவன். கடற்கரைப் பக்கத்து ஸ்லைடில் சவுக்கு எவ்வளவு விழுகிறது என்று அவர்களுக்கு இப்போதே போட்டி.